பட்டியலில் இல்லாத பெயர்கள்



கணனி நிரல் எழுதப் பழகுவோருக்குப் பல இடங்களில் கொடுக்கப்படும் பயிற்சி ஒன்று உண்டு. ஐக்கிய அமெரிக்காவின் சமூகப் பாதுகாப்பு நிர்வாகம், 1880ஆம் ஆண்டு முதல் பிறந்த குழந்தைகளின் பெயர்களை ஆண்டுவாரியாக வெளியிட்டுள்ளது. ஒவ்வொரு வரியிலும் பெயர், ஆணா பெண்ணா, எத்தனை பேர் என்ற மூன்று விடயங்களே இருக்கும். 1880ஆம் ஆண்டுக் கோப்பின் முதல் வரி: மேரி, பெண், 7065.

வரியை வாசிக்க வேண்டும். காற்புள்ளியில் பிரிக்க வேண்டும். எண்களைக் கூட்டி, கூடியதிலிருந்து குறைந்ததற்கு அடுக்க வேண்டும். எமது சங்கங்களின் சேமிப்புக் கொப்பியில் நாம் செய்வதும் ஏறக்குறைய இதுதான். எனவே "கணனி எனக்கெதற்கு" என்று எவரும் ஒதுங்கத் தேவையில்லை. 1947இல் லிண்டா என்ற பெயர் மேரியை முந்தியதை இச்சிறு நிரலே காட்டிவிடும்.

சமூகவியல் படித்த எனக்கு இன்னொரு கேள்வியே முக்கியமாகப் படுகின்றது. இப்பட்டியலில் இல்லாதவர் யார்?

இது சமூகப் பாதுகாப்பு அட்டைக்கு விண்ணப்பித்தோரின் விபரங்களிலிருந்து எடுத்த கணக்கு. அதற்கான சட்டம் வந்ததோ 1935இல். 1937க்கு முன் பிறந்த பலர் அட்டைக்கு விண்ணப்பிக்கவே இல்லை. அவர்களும் பிறந்தார்கள், வாழ்ந்தார்கள்; கணக்கில் மட்டும் இல்லை. ஓர் ஆண்டில் ஐந்துக்கும் குறைவான குழந்தைகளுக்கு இடப்பட்ட பெயர்களும், அந்தரங்கத்தைக் காப்பதற்காக, சேர்க்கப்படுவதில்லை. ஆகவே அந்த 7065 என்பது அவ்வாண்டில் பிறந்த மேரிகள் அனைவரும் அல்லர். கணனி பிழை விடவில்லை. கொடுத்ததை மட்டும் எண்ணியது.

நிவாரணப் பட்டியலிலும் வீட்டுத்திட்டப் பட்டியலிலும் பெயர் தேடிய எமக்கு இது புரியாததல்ல. இடம்பெயர்ந்த காலத்தில் பிறந்து, பதிவின்றி வளர்ந்தவர்களை என் பணியில் சந்திக்கின்றேன். 2009இல் யுத்தம் முடிந்த வேளை பிறந்தவர்களுக்கு இன்று அடையாள அட்டை எடுக்கும் வயது. பிறப்புச் சான்றிதழ் இல்லாவிட்டால் அங்கேயே தடங்கல் தொடங்கிவிடும்.

காலங்கடந்தும் பிறப்பைப் பதிய வழியுண்டு. உங்கள் பிரதேச செயலகத்தில் மேலதிக மாவட்டப் பதிவாளரைக் கேளுங்கள். கிளினிக் அட்டை, ஞானஸ்நானச் சான்று, பாடசாலைச் சான்று என்று கையிலிருப்பது எதையும் விடாது கொண்டு போங்கள். தனியே போகத் தயக்கமென்றால் சங்கத்துச் சகோதரி ஒருவரைக் கூட்டிச் செல்லுங்கள்.

கணனி பழகும் உங்கள் மகளிடமும் சொல்லி வையுங்கள்: எண்ணுவதற்கு முன், விடுபட்டவர் யார் என்று கேள்.