அடுக்களை மேடை: காசை எங்க போடுறது?

வீடு கட்டுறவங்க கையில காசு தீருற நேரமும் அடுக்களை வேலை ஆரம்பிக்கிற நேரமும் ஒண்ணாத்தான் வரும். அஸ்திவாரம், கான்கிரீட், பூச்சு, தரை எல்லாம் முடிச்சு மிச்சம் என்ன இருக்கோ அதுக்குள்ள அடுக்களையை அடக்கணும். எங்க சங்கரன்கோவில் பக்கம் தறி ஓட்டி, சீட்டுப் போட்டு, நகையை அடகு வச்சுக் கட்டுற வீடுகள் நிறைய. அந்த நேரம் பார்த்து யாராவது ஒருத்தர் திருநெல்வேலிக்குப் போய் மாடுலர் கிச்சன் கடையைப் பார்த்துட்டு வந்திருவாங்க. அவ்வளவுதான், இன்னொரு கடனை வாங்கியாவது அதைப் போட்டிரணும்னு வீட்ல பேச்சு கிளம்பிரும்.

என் கட்சியை முதல்லயே சொல்லிடுறேன். காசு குறைவா இருந்தா உயரத்துக்கும், கல்லுக்கும், தண்ணி போற வழிக்கும் முதல்ல செலவழிங்க. கதவு கடைசி. கதவே இல்லாம சமைக்கலாம். தப்பான உயரத்துல, ஒழுகுற தொட்டியோட முப்பது வருஷம் சமைக்க முடியாது.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். 10 அடிச் சுவர், 8 அடிச் சுவர், ரெண்டும் சேர்ந்து 'ட' மாதிரி மேடை, அகலம் 2 அடி. கல் எவ்வளவு வேணும்? 10க்கு 2, இருபது. மூலையைக் கழிச்சா மிச்சம் 6க்கு 2, பன்னிரண்டு. ஆக 32 சதுர அடி. இப்ப பலகைக்கு வாங்க. மேடைக்குக் கீழ கதவு வர்ற முகப்பு 14 அடி நீளம், இரண்டரை அடி உயரம், அதுவே 35 சதுர அடி. மேல 10 அடி நீளத்துக்குப் பெட்டி 20, பரணுக்குக் கதவு 20. மொத்தம் 75. முகப்பு மட்டும்தான் இது; உள்பக்கம், தட்டு, கீல், இழுப்பறைக் கம்பி எல்லாம் தனி. தினமும் வெட்டி, அரைச்சு, சூடு இறக்கி வைக்கிற இடம் 32 சதுர அடிதான். கடைக்காரர் கொடுக்குற மதிப்பீட்டுல பெரிய தொகை எங்க போகுதுன்னு பார்த்தா, விருந்தாளி கண்ணுக்குத் தெரியுற 75க்கு.

இதுல ஒரு வேடிக்கை இருக்கு. இன்னிக்கு நாம மாடுலர் கிச்சன்னு சொல்றதுக்கு மூத்த பாட்டி பணக்கார வீட்டுச் சமாச்சாரமே இல்லை. 1926ல ஜெர்மனியில ஃபிராங்க்ஃபர்ட் நகரத்துல எளிய குடும்பங்களுக்குக் குறைஞ்ச செலவுல வீடு கட்டிக் கொடுத்தப்போ, மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கிங்கிற பெண் கட்டடக் கலைஞர் வடிவமைச்ச அடுக்களை அது. சுமார் 6 அடிக்கு 11 அடி, அவ்வளவுதான் இடம். சமைக்கிறவங்க எத்தனை எட்டு நடக்குறாங்க, ஒரு வேலைக்கு எவ்வளவு நேரம் ஆகுதுன்னு கணக்குப் பார்த்து, அந்த நடையைக் குறைக்கிறதுதான் அதோட நோக்கம். அந்த மாதிரி ஏறக்குறைய 10,000 அடுக்களைகள் போட்டாங்க. ஏழை வீட்டுப் பெண்ணோட காலுக்கும் இடுப்புக்கும் பிறந்த சாமான், நம்ம ஊருக்கு வந்து சேரும்போது பளபளன்னு கதவா மட்டும் வந்து நிக்குது :-)

நம்ம கதையும் அதுக்குப் பக்கத்துல உள்ளதுதான். விறகடுப்பு காலத்துல பாதி வேலை உட்கார்ந்து நடந்தது. அம்மி, ஆட்டுரல், அரிவாள்மணை எல்லாம் தரையில. 2006-11 ஆட்சியில இலவச எரிவாயு அடுப்பு வந்தது. 2011 செப்டம்பர்ல இலவச மிக்சி, கிரைண்டர் கொடுக்க ஆரம்பிச்சாங்க. ஏற்கனவே மேடை இருந்த வீடு இருக்கட்டும், இல்லாத வீடுகள்லயும் பெண்கள் எந்திரிச்சு நிக்க ஆரம்பிச்சாங்க. நின்னு சமைக்கணும்னு ஆனப்புறம், அந்த மேடை எத்தனை அங்குலம்ங்கிறது சின்ன விஷயமா?

ஆனா அதை யார்கிட்ட கேக்காங்க? கொத்தனார் வீட்டுக்காரர்கிட்ட கேப்பார், வீட்டுக்காரர் 'வழக்கமாப் போடுறதைப் போடுங்க அண்ணாச்சி'ம்பார். முடிஞ்சது. எங்க மதினி 4 அடி 10 அங்குலம். புது வீட்ல அவங்களுக்குப் போட்டுக் கொடுத்தது 36 அங்குல மேடை. மேல்நாட்டுல புழங்குற 90 சென்டிமீட்டர் அளவு அது. முழங்கையும் மேடையும் ஏறக்குறைய ஒரே மட்டம். அதுக்கு மேல அடுப்பு, அடுப்புக்கு மேல குண்டான். சோத்தைக் கிண்டணும்னா கை தோளுக்கு மேல போகணும். ஒரு மணைப்பலகையைப் போட்டு அதுல ஏறி நின்னு கிண்டுதாங்க. கிரானைட் மட்டும் கண்ணாடி மாதிரி மின்னுது.

இதுக்கு ஒரு பைசா செலவில்லாத வழி இருக்கு. சமைக்கிறவங்களை வெறுங்காலோட நிக்க வச்சு, கையை மடக்கச் சொல்லி, தரையில இருந்து முழங்கை வரைக்கும் அளங்க. அதுல 4 முதல் 6 அங்குலம் கழிங்க. முழங்கை 38 அங்குலம்னா மேடை 32ல இருந்து 34. அடுப்பு வைக்கிற பக்கம் இன்னும் ஒரு மூணு அங்குலம் இறக்கினா நல்லது, பாத்திரத்தோட உயரம் சேருதுல்ல. கட்டும்போது சொன்னா இது வெறும் ஒரு வரிச் செங்கல் கணக்கு. கட்டி முடிச்சப்புறம் சொன்னா இடிக்கிற கணக்கு. இன்னொண்ணு, மேடைக்கு அடியில தரையோட ஒட்டி மூணு அங்குலம் உள்ள வாங்கி விடச் சொல்லுங்க. கால்விரல் போக இடம் இல்லைன்னா மேடையை நெருங்கி நிக்க முடியாது, குனிஞ்சுதான் ஆகணும்.

அடுத்தது கல். கடப்பாக் கல் விலை குறைவு, தட்டு போட அருமையான கல். ஆனா அது சுண்ணாம்புக்கல் வகை. புளியும் எலுமிச்சையும் பட்டுக்கிட்டே இருந்தா மினுமினுப்பு போய் வெளுக்கும். அதனால கீழ்த்தட்டுக்குக் கடப்பா, மேல கிரானைட். வெள்ளை கிரானைட் பார்க்க அழகு, ஆனா மஞ்சளும் எண்ணெயும் அதுல சீக்கிரம் ஊறும். நம்ம சமையலுக்குக் கறுப்போ அடர்நிறமோதான் லாயக்கு. சல்லிசாக் கிடைக்குற கறுப்புக்கல்ல சாயம் ஏத்தினதும் உண்டு. நகப்பூச்சு அழிக்கிற அசிட்டோனைப் பஞ்சுல நனைச்சுத் தேய்ச்சுப் பாருங்க, பஞ்சு கறுத்தா அந்தக் கல் வேண்டாம். கடையில துண்டுக்கல் கேட்டு வாங்கிட்டு வந்து, எலுமிச்சம்பழத்தைப் பிழிஞ்சு ராத்திரி முழுக்க வச்சுப் பார்க்கிறதும் நல்ல சோதனை.

குவார்ட்ஸ் போடலாமான்னு கேக்காங்க. கல்லைப் பொடியாக்கிப் பிசின் சேர்த்துச் செஞ்ச பலகை அது. கறை பிடிக்காது, உண்மைதான். ஆனா அடுப்புல இருந்து இறக்கின தோசைக்கல்லை நேரா வச்சா பிசின் தாங்காது. அதைவிடப் பெரிய விஷயம், அதை வெட்டுறவங்க மூச்சு. அதுல சிலிக்கா 90 சதவீதத்துக்கு மேல கூட இருக்கும். அந்தத் தூசி நுரையீரல்ல படிஞ்சு சிலிக்கோசிஸ் வருதுன்னு ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1ல இருந்து அந்தப் பலகையையே தடை பண்ணிடுச்சு. கிரானைட்லயும் சிலிக்கா உண்டு, அளவு குறைவு. நம்ம வீட்டு வாசல்ல கல் வெட்டுற பையன் முகத்துல துணியைக் கட்டிக்கிட்டு வெள்ளைப் புகைக்குள்ள நிக்கான் பாருங்க, அவன்கிட்ட ஒரு குழாயைக் கொடுத்து, தண்ணி விட்டு வெட்டச் சொல்லுங்க. இதுக்கும் செலவில்லை.

தண்ணி போற வழின்னு சொன்னேன்ல, அது கல் பதிக்கும்போதே முடிய வேண்டிய வேலை. மேடை தொட்டிப் பக்கமா லேசாச் சரியணும். கல்லோட முன்விளிம்புக்கு அடியில நீளமா ஒரு கோடு வெட்டி விடச் சொல்லுங்க. வழியுற தண்ணி அந்த இடத்துல சொட்டிடும், உள்ள ஓடிக் கதவை நனைக்காது. தொட்டிக்கு அடியில குழாயை எட்டிப் பார்க்க, கழட்ட இடம் இருக்கணும்.

கடைசியா மரம். கரையான் புற்று மண்ணையே கோயில் பிரசாதமா வாங்கி நெத்தியில பூசுற ஊர் எங்க ஊர். அந்த மண்ணு மேல உள்ள பக்தி வேற, அடுக்களைப் பலகையில கரையான் ஏறுறது வேற :-) துகளை அமுக்கிச் செய்யுற பலகையும், எம்.டி.எஃப்பும் தண்ணி பட்டா ஊதிரும். பிளைவுட்ல எம்.ஆர். முத்திரைன்னா ஈரப்பதம் தாங்கும்னுதான் அர்த்தம், தண்ணி தாங்கும்னு இல்லை. தொட்டிக்குப் பக்கத்துல போடுறதா இருந்தா ஐ.எஸ். 710 முத்திரையைத் தேடுங்க. அந்தக் காசு இல்லையா? மேடைக்கு அடியில செங்கல்லோ, ரெடிமேட் சிமெண்ட் ஸ்லாப்போ வச்சு அறை பிரிச்சு, கடப்பாத் தட்டு போட்டு விட்டிருங்க. கரையானுக்கு அதுல ஒண்ணும் இல்லை. முன்னாடி ஒரு துணித்திரை. ரெண்டு வருஷம் கழிச்சுக் கையில காசு வரும்போது அலுமினியச் சட்டம் போட்டுக் கதவு மாட்டிக்கலாம். கதவை எப்ப வேணும்னாலும் மாட்டலாம். மேடையோட உயரத்தை மாத்த முடியாது.

துணித்திரை போட்டா சொந்தக்காரங்க என்ன நினைப்பாங்கன்னு ஒரு கேள்வி வரும். அவங்க வருஷத்துல நாலு நாள் வருவாங்க, காப்பி குடிப்பாங்க, போவாங்க. மீதி முந்நூத்துச் சொச்சம் நாளும் அங்க நிக்கிற ஆள் ஒருத்தர் வீட்டுக்குள்ளயே இருக்காங்க. பட்ஜெட் போடுற தாள்ல முதல் வரி அவங்க முழங்கை அளவா இருக்கட்டும்.

சமையல் குறிப்பு போட்டுக் கலக்குற பதிவுலக மக்களே, ஒரு டேப்பை எடுத்து உங்க வீட்டு மேடையையும் அங்க நிக்கிறவங்க முழங்கையையும் அளந்து பார்த்துச் சொல்லுங்க.

டிஸ்கி: 'வீட்ல ரெண்டு பேரும் சமைக்கிறோம், யார் உயரத்துக்குப் போடுறது?'ன்னு ஒரு நண்பர் கேட்டார். யார் அதிக நேரம் நிக்காங்களோ அவங்களுக்கு. மனசாட்சியோட பதில் சொல்லணும், ஆமா.