தங்க ரேக்கு ஒட்டிய மைசூர்பாகு

போன மாதம் தம்பி மகளின் கல்யாண வரவேற்புக்குச் சாப்பாட்டுப் பட்டியல் போட எல்லோரும் உட்கார்ந்தோம். தம்பி பிரெஞ்சு குடியுரிமைப் பெண்ணைக் கட்டிக்கொண்டு 1979-இல் பாரீசுக்குப் போனவன். பிள்ளைகள் அங்கேயே பிறந்து வளர்ந்தார்கள். கல்யாணம் மட்டும் புதுச்சேரியில்தான் நடக்க வேண்டும் என்று வந்திருந்தார்கள். கேட்டரிங் பையன் மடிக்கணினியைத் திறந்து ஒவ்வொன்றாகப் படித்தான். குட்டி ரொட்டித் துண்டின்மேல் காவியார். ட்ரஃபிள் எண்ணெய் ஊற்றிய பாஸ்தா. கடைசியில் தங்க ரேக்கு ஒட்டிய மைசூர்பாகு.

"தங்க ரேக்குக்கு என்ன ருசி தம்பி?" என்று அந்தப் பையனிடம் கேட்டேன். அவன் சிரித்தான். "ருசி ஒண்ணும் இருக்காது சார். போட்டோவில் நல்லா இருக்கும்" என்றான். நேர்மையான பையன். தம்பி மகள், "விடுங்க பெரியப்பா, ஒருநாள்தானே" என்றாள். நான் விடவில்லை. அன்று பேசிய பேச்சால் தம்பி மூன்று நாள் என்னோடு பேசவில்லை. ஏன் பேசினேன் என்பதை இங்கே நிதானமாக எழுதி வைக்கிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் சாமியார் அல்ல. நாக்கு செத்தவனும் அல்ல. ஓய்வு பெற்றபின் இரண்டு முறை பாரீசுக்குப் போய்த் தம்பி வீட்டில் தங்கியிருக்கிறேன். காவியாரும் சாப்பிட்டேன், ஃபுவா கிராவும் சாப்பிட்டேன். இரண்டும் நன்றாகத்தான் இருந்தன. நன்றாக இல்லை என்று பொய் சொல்லி வாதத்தில் ஜெயிக்க எனக்கு ஆசையில்லை.

ட்ரஃபிளை நான் பார்ப்பதற்கு முன்பே படித்திருக்கிறேன். எங்கள் பிரெஞ்சுப் பாடப் புத்தகத்தில் ஒரு குடியானவன் பன்றியைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு கருவாலி மரத்தடியில் நிற்கும் படம் இருந்தது. "முசியே, 'த்ரூஃப்' என்றால் என்ன?" என்று கேட்டோம். மண்ணுக்கடியில் விளையும் காளான் என்றும், மோப்பம் பிடித்துப் பன்றிதான் கண்டுபிடிக்கும் என்றும், பணக்காரர்கள் சாப்பிடுவார்கள் என்றும் வாத்தியார் சொன்னார். காலையில் பழைய சோறு குடித்துவிட்டு வந்த நாற்பது பையன்களும் விழுந்து விழுந்து சிரித்தோம். பன்றி கிளறியதைப் பணக்காரன் சாப்பிடுவானா!

முப்பத்தெட்டு வருடம் குமாஸ்தா வேலை பார்த்தவனுக்கு எதையும் தலைப்பு வாரியாகப் பிரிக்காமல் யோசிக்க வராது. ஒரு சாப்பாட்டுப் பொருளுக்குக் கொள்ளை விலை இருந்தால் அதை மூன்று தலைப்பில் ஒன்றில் போடலாம். உழைப்பின் விலை, அழிவின் விலை, பொய்யின் விலை. முதலாவதற்கு நான் கையெழுத்துப் போடுவேன். மற்ற இரண்டுக்கும் மாட்டேன்.

உழைப்பின் விலைக்குக் குங்குமப்பூ உதாரணம். ஒரு பூவில் மூன்றே இழை. ஒரு கிலோ குங்குமப்பூவுக்கு ஏறக்குறைய ஒன்றரை லட்சம் பூக்கள் வேண்டும். காஷ்மீரில் பாம்போர் பக்கம் அக்டோபர் கடைசியிலும் நவம்பரிலும் சில வாரங்கள்தான் பூக்கும். விடியற்காலையில் குனிந்து ஒவ்வொன்றாகக் கையால் பறிக்க வேண்டும். பிறகு உட்கார்ந்து இழையைத் தனியே பிரிக்க வேண்டும். ஒரு பூவுக்கு ஐந்து விநாடி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றரை லட்சம் பூவுக்கு இருநூற்றெட்டு மணி நேரம். நாளைக்கு எட்டு மணி நேரம் என்றால் ஒரே ஆள் இருபத்தாறு நாள் இழை மட்டும் பிரித்துக்கொண்டிருக்க வேண்டும். பறிப்பதும் காய வைப்பதும் தனி. இதற்குக் கிலோ லட்சக் கணக்கில் விலை என்றால் நான் ஆட்சேபிக்க மாட்டேன். அந்தப் பணம் குனிந்தவர்களின் முதுகுக்குப் போய்ச் சேருகிறதா என்றுதான் கேட்பேன். அது நியாயமான கேள்வி. ஆனால் பொருள் நியாயமான பொருள். ஒரு சிட்டிகை போட்டால் பாயசம் மணக்கும். அடுத்த வருடம் அதே வயல் மறுபடி பூக்கும்.

இரண்டாவது, அழிவின் விலை. இங்கேதான் காவியார் வருகிறது. இது ஸ்டர்ஜன் என்ற மீனின் சினை. டைனோசர் காலத்திலிருந்து இருக்கும் மீன் வகை. பெலுகா என்ற பெரிய ஜாதிப் பெண் மீன் முதன்முதலாகச் சினை பிடிக்கப் பதினைந்து வருடத்துக்கு மேல் ஆகும். நம் வீட்டுப் பெண் பிறந்து பள்ளி முடிக்கும் காலம். அத்தனை வருடம் வளர்ந்ததைப் பிடித்து, வயிற்றைக் கிழித்து, முட்டை இடுமுன் முட்டையை எடுத்துவிட்டால் அடுத்த தலைமுறை எங்கிருந்து வரும்? காஸ்பியன் கடலில் அதுதான் நடந்தது. மீன் முட்டையிடப் போகும் வோல்கா ஆற்றில் அணைகள் கட்டினார்கள். 1991-இல் சோவியத் யூனியன் உடைந்தபின் திருட்டு மீன்பிடி தலைவிரித்து ஆடியது. 1998 முதல் ஸ்டர்ஜன் வகைகள் எல்லாமே சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டில் இருக்கின்றன. 2022-இல் கணக்கெடுத்தபோது மிச்சமிருக்கும் 26 வகைகளும் அழியும் ஆபத்தில் இருப்பதாக அறிவித்தார்கள்.

பிரான்சிலேயே இந்தக் கதை உண்டு. போர்தோ நகரத்துக்குப் பக்கத்து ழிரோந்த் முகத்துவாரத்தில் ஒரு காலத்தில் ஸ்டர்ஜன் தாராளமாகக் கிடைத்தது. மீனவர்கள் சதையை விற்றுவிட்டு, சினையை வாத்துக்குப் போட்டார்கள் என்று அந்தப் பக்கத்தில் கதை சொல்வார்கள். பிறகு அது காசாகும் என்று தெரிந்தது. சில பத்தாண்டுகள் பிடித்துத் தீர்த்தார்கள். 1982-இல் பிடிக்கவே கூடாது என்று தடை வந்தது. இன்று அந்தப் பகுதியில் விற்பது குளத்தில் வளர்க்கும் வேறு ஜாதி ஸ்டர்ஜனின் சினை. வாத்துக்குப் போட்டபோதும் அதே சுவைதானே இருந்திருக்கும்? சுவை ஏறவில்லை. மீன் குறைந்தது, விலை ஏறியது. நாம் அதை உயர்ந்த ரசனை என்று பெயர் மாற்றிக்கொண்டோம்.

பண்ணைக் காவியார் வந்துவிட்டதே, அதில் என்ன பாவம் என்று கேட்கலாம். பண்ணை வந்தது நல்லதுதான். ஆனால் வாங்குகிறவர் அதைப் பண்ணைப் பொருள் என்றா வாங்குகிறார்? காஸ்பியன் அரசர்கள் சாப்பிட்டது என்ற அந்தப் பழைய பெயருக்குத்தானே காசு கொடுக்கிறார்?

இதே தலைப்பில் வதையையும் சேர்த்துவிடுகிறேன். ஓர்தொலான் என்று ஒரு சின்னக் குருவி. வலசை போகும்போது பிடித்து, இருட்டில் அடைத்து, தானியம் தின்ன வைத்துக் கொழுக்க விட்டு, அர்மான்யாக் என்ற பிராந்தியில் மூழ்கடித்துக் கொன்று, முழுதாக வறுத்துச் சாப்பிடுவார்கள். சாப்பிடும்போது தலைமேல் துணியைப் போட்டுக்கொள்வது வழக்கம். வாசனை வெளியே போகாமல் இருக்க என்பார்கள் சிலர், கடவுள் பார்க்காமல் இருக்க என்பார்கள் சிலர். பிரான்ஸ் 1999-இல் இந்தக் குருவியைப் பிடிப்பதைத் தடை செய்தது. ஃபுவா கிரா கதை வேறு மாதிரி. வாத்தின் தொண்டையில் குழாயை விட்டு, ஒரு நாளைக்கு இரண்டு வேளை, இரண்டு வாரம்போல் மக்காச்சோளம் திணித்தால் ஈரல் பல மடங்கு வீங்கும். அந்த வீங்கிய ஈரல்தான் பலகாரம். 2006-இல் பிரான்ஸ் அதைப் பண்பாட்டுச் சொத்து என்று சட்டத்திலேயே எழுதி வைத்தது. 2014-இல் இந்தியா அதன் இறக்குமதியைத் தடை செய்தது. எனக்கு எழுத்தறிவித்த மொழி ஒரு பக்கம், சம்பளமும் பென்ஷனும் கொடுத்த அரசாங்கம் ஒரு பக்கம். இந்த ஒரு விஷயத்தில் நான் பென்ஷன் பக்கம். அதைச் சாப்பிட்டபோது எப்படிச் செய்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. தெரிந்தபின் தொடவில்லை.

மூன்றாவது பொய்யின் விலை. பொய்யிலும் இரண்டு ரகம். ஒன்று, பொருளே இல்லாத பொய். கருப்பு ட்ரஃபிள் பிரான்சில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வருடத்துக்கு ஆயிரம் டன்னுக்கு மேல் கிடைத்தது. முதல் உலகப் போரில் கிராமத்து ஆண்கள் மாண்டார்கள், பிறகு மிச்சப் பேர் நகரத்துக்குப் போனார்கள், தோப்புகளைப் பராமரிக்க ஆளில்லை. இன்று நூறு டன்னை எட்டுவதே அபூர்வம். அப்படியிருக்க, ஊருக்கு ஊர் ஓட்டல்களில் ஊற்றும் அத்தனை ட்ரஃபிள் எண்ணெயும் எங்கிருந்து வருகிறது? தொழிற்சாலையிலிருந்து. பெரும்பாலும் சாதா எண்ணெயில் 2,4-டைதயாபென்டேன் என்ற செயற்கை வாசனைப் பொருளைக் கலந்தது. நம் ஊரில் ரோஸ் எசன்ஸ் ஊற்றிய சர்பத்தை யாரும் ரோஜாத் தோட்டத்து விலைக்கு விற்பதில்லை.

அசல் ட்ரஃபிளின் கதியும் கேளுங்கள். 2004-இல் ஏலத்தில் 28,000 பவுண்டுக்குப் போன ஒரு வெள்ளை ட்ரஃபிளை லண்டன் உணவகம் ஒன்றில் காட்சிக்கு வைத்திருந்தார்கள். பிறகு பூட்டி வைத்தார்கள். சாவி வைத்திருந்த சமையல்காரர் விடுமுறையில் போய்விட்டார். திரும்பி வந்து பார்த்தால் அழுகிப்போயிருந்தது. பூட்டி வைக்கிற அளவுக்கு விலை ஏறிய பொருள் சாப்பாடு என்ற கணக்கிலிருந்து எப்போதோ விலகிவிட்டது என்றுதான் நான் நினைக்கிறேன்.

இரண்டாவது ரகம், பொருள் இருந்தும் பயனில்லாத பொய். தங்க ரேக்கு இதன் உச்சம். ருசி இல்லை, மணம் இல்லை, சத்து இல்லை. ஐரோப்பாவில் உணவு நிறமி என்ற பட்டியலில் இ-175 என்று எண் போட்டு வைத்திருக்கிறார்கள். உடம்பு அதைச் செரிப்பதில்லை. உள்ளே போனது அப்படியே மறுநாள் காலை வெளியே போகும். எங்கே போகும் என்று எழுத வேண்டாம் அல்லவா?

"அவரவர் பணம், அவரவர் வாய், உனக்கென்ன?" என்று கேட்பவர்கள் உண்டு. தம்பியும் அதைத்தான் கேட்டான். பணம் அவனுடையதுதான். ஆனால் கடலில் இருந்த மீன் அவனுடையது அல்ல. இன்னொன்று, "பணக்காரர் செலவழித்தால்தானே நாலு பேருக்கு வேலை?" என்பது. சரி, அந்த நாலு பேர் கதைக்கே வருகிறேன்.

பட்டியல் முடிந்ததும் கணக்குப் போட்டார்கள். தங்க ரேக்குக்கு மட்டும் ஆளுக்குத் தொண்ணூறு ரூபாய் கூடுதல். அறுநூறு பேருக்கு 54,000 ரூபாய். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. அடுத்த வரி, பந்தி பரிமாறி இலை எடுக்கும் இருபத்திரண்டு பேரின் கூலி. அதில் தலைக்கு ஐம்பது ரூபாய் குறைக்கச் சொல்லி முக்கால் மணி நேரம் பேசினார்கள். மொத்தமே 1,100 ரூபாய். கடைசியில் குறைத்தும் விட்டார்கள். நான் கத்தியது அப்போதுதான்.

ரேஷன் அட்டை செக்‌ஷனில் இருந்த காலத்தில் ஒரு தீபாவளிக்கு முந்தின நாள் ஒரு அம்மாள் என் மேசைக்கு வந்தாள். கடையில் சர்க்கரை இருநூறு கிராம் குறைவாக நிறுத்துவிட்டார்கள் என்று பையை என்முன் வைத்தாள். பக்கத்து மளிகைக் கடையில் எடை போட்டுப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தாள். இருநூறு கிராமுக்காக இரண்டு மைல் நடந்து வந்திருக்கிறாளே என்று என் சக குமாஸ்தா சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். இன்று காவியார் டப்பாவில் முப்பது கிராம் என்று எழுதியிருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் அந்தப் பைதான் ஞாபகம் வருகிறது. கிராம் கணக்குப் பார்ப்பது கேவலம் என்று யார் சொன்னது? யார் பார்க்கிறார் என்பதைப் பொறுத்து அது கஞ்சத்தனம், அல்லது ரசனை.

அன்று நான் சொன்னது இதுதான். "அந்த 1,100 ரூபாயை என் பென்ஷனிலிருந்து நான் தருகிறேன். கூலியைக் குறைக்காதே." தம்பிக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. எழுந்து போய்விட்டான். நாலாம் நாள் தொலைபேசியில் கூப்பிட்டான். கூலி பழையபடி கொடுக்கப்படும் என்றான். காவியாரை எடுத்துவிட்டார்களாம். ட்ரஃபிள் எண்ணெய் இருக்கிறதாம், மாப்பிள்ளை வீட்டார் ஆசைப்பட்டார்களாம். மைசூர்பாகில் தங்க ரேக்கும் அப்படியே இருக்கிறதாம்.

நேற்று வரவேற்பு நடந்தது. மைசூர்பாகு என் இலைக்கும் வந்தது. தங்கம் ஒட்டிய மேல்பக்கத்தைக் கத்தியால் சீவி ஓரமாக வைத்துவிட்டு மீதியைச் சாப்பிட்டேன். நெய் வாசனையோடு அருமையாக இருந்தது. அதைச் செய்த மாஸ்டரைத் தேடிப் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். இலை எடுக்க வந்த பெண்ணிடம் கூலி சரியாகப் பேசியிருக்கிறார்களா என்று கேட்டேன். "பேசினது பேசினபடி தர்றாங்க ஐயா" என்றாள். சீவி வைத்த தங்கத்தைப் பார்த்துவிட்டு, "இது வேணாமா?" என்றாள். வேண்டாம் என்றேன். இலையோடு மடித்து எடுத்துக்கொண்டு போனாள்.