பிறந்த மண் பார்த்தா வரிசை?

கையிலே கோப்பு, நெஞ்சிலே நடுக்கம். அமெரிக்கக் குடியேற்ற அலுவலகத்திலே அமர்ந்திருக்கிறார் தமிழ்ப் பொறியாளர் ஒருவர். நிரந்தர வசிப்புரிமைக்கு இறுதி நேர்காணல். இந்த நாற்காலியை எட்டப் பத்தாண்டுக்கு மேல் ஆயிற்று!

தகுதிக் குறைவா? வரி பாக்கியா? இல்லை, தோழர்களே! வேலைவழி வருவோர்க்கு ஆண்டுக்குச் சுமார் 1,40,000 இடங்கள் தந்த 1990ஆம் ஆண்டுச் சட்டம், எந்த ஒரு நாட்டாரும் பொதுவாக 7 விழுக்காட்டைத் தாண்டலாகாது என்றது. இந்தியாவுக்கும் ஐஸ்லாந்துக்கும் ஒரே அளவுகோல்! இடையிலே கனடாவின் குடிமகனானாலும் பயனில்லை. பிறந்த மண்ணே கணக்கு. பிறப்பைக் கேட்டு வரிசை பிரிப்பது நமக்குப் புதிதா, என்ன! வரிசையே வேண்டாமென்று வாதாடவில்லை; வந்த முறைப்படி நிறுத்துக என்கிறோம்.

அவரருகே மனைவி இருக்கிறார், மகன் இல்லை. வரிசை நகருமுன் அவனுக்கு 21 வயதாகிவிட்டது. பெற்றோர் மனுவிலிருந்து பெயர் உதிர்ந்தது. இரண்டு வயதில் அங்கு சென்ற பிள்ளை, வளர்ந்த ஊரிலேயே இன்று மாணவர் விசாவில் தங்கியிருக்கும் அயலான்.