கஃபன் வெட்டத் தெரிந்த கைகள்

நம் மஹல்லாவில் ஒரு வீட்டில் மவ்த் நிகழ்ந்தால் முதலில் வந்து நிற்பவர்கள் யார்? பெரும்பாலும் அறுபதைக் கடந்த நாலைந்து பெரியவர்களே. மையித்தைக் குளிப்பாட்டுவதும், ஆணுக்கு மூன்று, பெண்ணுக்கு ஐந்து எனக் கஃபன் துணியை அளந்து வெட்டுவதும் அவர்கள் பொறுப்பு. பெண் மையித்தெனில் அதே வயதுடைய தாய்மார்கள் வருகிறார்கள். ரமளானில் நோன்புக் கஞ்சி அடுப்பருகே நிற்பவர்களும் இவர்களே.

இவர்களிடம், “வயதாகிவிட்டது, ஓய்வெடுங்கள்” என்கிறோம். அன்பினால்தான் சொல்கிறோம். ஆனால் அவர்கள் விட்டுச்செல்லும் இடத்தில் நிற்க நாம் ஆயத்தமாக இல்லை. மையித்தைக் குளிப்பாட்டி, கஃபனிட்டு, தொழுது அடக்குவது ஃபர்ளு கிஃபாயா. சிலர் செய்தால் அனைவரின் கடமையும் நீங்கும். எவருமே செய்யாவிடில் அனைவரும் குற்றவாளிகள். மதரஸாவில் இச்சட்டத்தை நாம் கற்பிக்கிறோம். மாணவர்கள் பிழையின்றி ஒப்பிக்கிறார்கள். ஆயினும் கைப்பழக்கம் கிதாபில் வராது. அது அப்பெரியவர்களின் கைகளில் இருக்கிறது.

நபி (ஸல்) அவர்களின் பள்ளிவாசலைப் பெருக்கிவந்த ஒருவர் இறந்தபோது, தோழர்கள் அதனைச் சிறிய செய்தியாகக் கருதி, அறிவிக்காமலே அடக்கிவிட்டனர். பின்னர் அறிந்த நபியவர்கள், கப்ரைக் காட்டச் சொல்லி, அங்கே சென்று அவருக்காக ஜனாஸாத் தொழுகை தொழுதார்கள். நாம் சிறிதெனக் கருதும் பணி அவர்களிடம் சிறிதாக இருக்கவில்லை.

ஆகவே, பெரியவர்களை வீட்டுக்கு அனுப்பிவைப்பது மரியாதையன்று. தண்ணீர்க் குடத்தை நாம் தூக்குவோம்; முறையை அவர்கள் சொல்லட்டும். அடுத்த ஜனாஸாவில் நம் இளைஞர்களில் ஒருவரேனும் வாசலில் நின்றுவிடாமல் அவர்கள் அருகில் நிற்கட்டும்.

அல்லாஹ் அவர்களுக்கு ஆரோக்கியத்தையும், நமக்குக் கற்கும் மனத்தையும் தந்தருள்வானாக. ஆமீன்.