பரணிலிருந்து இறங்கும் பெட்டி

ஸ்ரீரங்கத்து வீதிகளில் பழைய வீடுகளை இடித்து அடுக்குமாடிக் கட்டிடங்கள் எழுப்பும் காலம் இது. வீடு இடிபடுவதற்கு முன்னால் பரண் காலியாகிறது. ஈயம் போன வெண்கலப் பாத்திரங்களுக்கும் சங்கிலி இல்லாத ஊஞ்சல் பலகைக்கும் பின்னாலிருந்து, கறுப்புத் துணி ஒட்டிய ஒரு பெட்டியும் சில வீடுகளில் இறங்குகிறது. மூடியைத் திறந்தால் உள்ளே வட்டமான ஒரு தட்டு, வளைந்த ஒரு கை, குழாய் அருகே காது கொடுத்து உட்கார்ந்திருக்கும் நாயின் படம். "தாத்தா வாங்கின கிராமபோன்!" என்கிறாள் பாட்டி. உடனே வீட்டில் மூன்று கட்சிகள் ஏற்பட்டுவிடுகின்றன. பழைய சாமான்காரனுக்குப் போட்டுவிடலாம் என்பது ஒரு கட்சி. லக்ஷ ரூபாய் பெறும், ஏமாந்துவிடக் கூடாது என்பது இரண்டாவது கட்சி. துடைத்துக் கூடத்தில் அலங்காரமாக வைக்கலாம் என்பது மூன்றாவது. "இது பாடுமா?" என்று கேட்கும் நான்காவது கட்சிதான் அபூர்வம். அந்தக் கட்சிக்காகவே இந்த வாரம் நாம் பேசப் போகிறோம்.

பழைய யந்திரத்தை வாங்கி, பழுது பார்த்து, அதன் யோக்கியதையை எடை போடுவது உலகமெங்கும் உள்ள பொழுதுபோக்கு. அமெரிக்காவில் 'பின்பால்' என்று ஒரு விளையாட்டு யந்திரம் உண்டு. காசு போட்டால், சாய்ந்த பலகையின்மேல் ஓர் இரும்புக் குண்டு விளக்குகளுக்கும் மணிகளுக்கும் இடையே முட்டி மோதி உருண்டு வரும். அது சூதாட்டம் என்று 1942-ஆம் வருஷம் நியூயார்க் நகரத்தில் தடை செய்தார்கள். நகரத் தலைவர் லாகார்டியா தாமே சம்மட்டி எடுத்து அந்த யந்திரங்களை உடைத்துக் காட்டினார். 1976-இல் தடை நீங்கிற்று. அன்று உடைபட்டவற்றின் இனத்தையே இன்று அங்கே வீட்டில் வாங்கி வைத்து, கம்பி கம்பியாகப் பிரித்துச் சீர்செய்து ஆனந்திக்கிறார்கள். நமக்குப் பின்பால் இல்லை, கிராமபோன் இருக்கிறது.

யந்திரப் பித்து திருச்சிராப்பள்ளிக்குப் புதிதும் அல்ல. இவ்வூர் ரயில்வேயில் வரைபடம் எழுதும் உத்தியோகத்தில் இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905-ஆம் வருஷம் டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடம் சினிமாக் காட்டும் யந்திரத்தை விலைக்கு வாங்கினார். வேலையை விட்டுவிட்டு, கூடாரம் அடித்து ஊர் ஊராகப் படம் காட்டினார். பின்னர் 1914-இல் கோயமுத்தூரில் 'வெரைட்டி ஹால்' என்ற கொட்டகையை நிறுவினார். வழியில் யந்திரம் நின்றுவிட்டால் கம்பெனிக்காரன் கடல் கடந்தா வருவான்? அந்தக் காலத்தில் யந்திரத்தை வாங்குகிறவன் அதற்கு வைத்தியனாகவும் ஆகவேண்டியிருந்தது.

கிராமபோனின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கெய்ஸ்பர்க் என்னும் ஒலிப்பதிவாளர் 1902-ஆம் வருஷம் கல்கத்தாவுக்கு வந்து கௌஹர் ஜான் முதலியோரின் பாட்டைப் பதிவு செய்தார். அந்தத் தட்டுகளை ஜெர்மனியிலே அச்சடித்து இங்கே கொண்டுவந்து விற்றார்கள். 1908-இல் கல்கத்தாவின் சியால்தாவில் தொழிற்சாலை ஏற்பட்டது. தட்டுக்கு வேண்டிய அரக்கோ ஆதியிலிருந்தே நம்முடையது; சோட்டா நாகபுரிக் காடுகளில் மரக்கிளைகளில் பூச்சி கட்டும் அரக்குதான் உலகத்தின் சங்கீதத்தைத் தாங்கிற்று. அரக்கு நம்முடையது, பாட்டு நம்முடையது, லாபம் மட்டும் அந்நியருடையதா என்று கேட்டவர்களும் இருந்தார்கள். 1935 முதல் 1955 வரை பம்பாயில் 'யங் இந்தியா' என்ற பெயரில் சுதேசித் தட்டுகள் வெளிவந்தன.

நம் பரண்களிலிருந்து இறங்குபவை பெரும்பாலும் கையில் தூக்கிச் செல்லும் பெட்டிகள். 'ஹிஸ் மாஸ்டர்ஸ் வாய்ஸ்' கம்பெனியின் 102-ஆம் நம்பர் பெட்டி 1931-இல் வெளிவந்து, 1950-களின் பிற்பகுதி வரை விற்பனையில் இருந்தது. பூப்போல விரிந்த குழாய் அதற்கு வெளியே தெரியாது. பெட்டிக்குள்ளேயே மடிந்து கிடக்கும். மின்சாரமும் வேண்டாம். சாவி கொடுத்தால் போதும்.

இனி வைத்தியத்துக்கு வருவோம். இந்தப் பெட்டிக்கு வரும் நோய்கள் முக்கியமாக மூன்று.

முதலாவது, ஸ்பிரிங்கின் நோய். உருளையான டப்பாவுக்குள் சுருண்டிருக்கும் எஃகு நாடாதான் யந்திரத்தின் பிராணன். பல வருஷம் சும்மா கிடந்தால் அதில் பூசிய மசகு மெழுகுபோல் இறுகிவிடும். சாவி கொடுத்த பிறகு உள்ளே 'டொம், டொம்' என்று ஓசை கேட்டால் சுருள்கள் ஒட்டிக்கொண்டு விட்டு விட்டு விரிகின்றன என்று அர்த்தம். டப்பாவைத் திறந்து பழைய மசகைக் கழுவிக் காரீய மசகு இடவேண்டும். ஆனால் இதை வீட்டில் யாரும் விளையாட்டாகச் செய்யக் கூடாது. அடைபட்ட எஃகுச் சுருள் பாய்ந்து வெளிவந்தால் விரலைப் பதம் பார்த்துவிடும். சாவியின் விசை முழுவதும் இறங்கிய பிறகே மோட்டாரில் கை வைக்கவேண்டும். டப்பாவைப் பழக்கமுள்ளவரிடம் கொடுத்துவிடுவது உத்தமம். ஸ்பிரிங் முறிந்திருந்தால் அதன் அகலம், கனம், நீளம் மூன்றையும் அளந்து அதே அளவில் வேறொன்று போடலாம்.

இரண்டாவது, வேகத்தின் நோய். தட்டு நிமிஷத்துக்கு 78 சுற்றுச் சுற்றவேண்டும். இதைக் காப்பது 'கவர்னர்' என்ற சிறு உறுப்பு. மெல்லிய தகடுகளில் கோத்த மூன்று குண்டுகள் சுழலச் சுழல வெளியே விரியும், அதனால் ஒரு வட்டு நகர்ந்து தோல் துண்டில் உராயும், வேகம் கட்டுப்படும். தோல் காய்ந்துவிட்டால் கிறீச்சிடும். ஒரு சொட்டு எண்ணெய் போதும். குண்டின் திருகு கழன்றால் பாகவதர் நடுங்கிக்கொண்டே பாடுவார். வேகத்தைச் சோதிக்க எளிய வழி உண்டு. பிளேட்டின் ஓரத்தில் காகிதத் துண்டு ஒன்றைச் செருகி, ஊசி ஓடிக்கொண்டிருக்கும்போதே, கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிஷத்தில் எத்தனை சுற்று என்று எண்ணவேண்டும். ஊசி வைக்காமல் எண்ணினால் கணக்குத் தவறும், ஏனென்றால் ஊசியின் பாரம் தட்டை இழுத்துப் பிடிக்கும். சங்கீத ஞானமுள்ள வீட்டில் இது அற்ப விஷயம் அல்ல. வேகம் நூற்றுக்கு ஆறு பங்கு கூடினால் சுருதியே ஏறக்குறைய அரைக் கட்டை ஏறிவிடும்.

மூன்றாவது, தொண்டையின் நோய். ஊசியைத் தாங்கும் 'ஸவுண்டு பாக்ஸி'ல் அப்பிரகமோ அலுமினியமோ ஆன ஒரு மெல்லிய தகடு இருக்கும். அதைச் சுற்றியுள்ள ரப்பர் வளையம் நாளடைவில் கல்லாக இறுகிப்போகும். அப்போது பாட்டு அலறும், இரையும். புது ரப்பர் போட்டால் குரல் திரும்பிவிடும். ஸவுண்டு பாக்ஸின் பின்புறம் துத்தநாகக் கலவை உலோகமாக இருந்து வெடித்திருந்தால்தான் தொல்லை. அதை ஒட்ட முடியாது, மாற்றவேண்டும்.

இந்த வைத்தியங்களுக்குத் திருச்சியைவிட வசதியான ஊர் அரிது. பொன்மலை ரயில்வேப் பட்டறையும், 1960-களில் திருவெறும்பூரில் எழுந்த பாரத மிகுமின் நிலையமும் தலைமுறை தலைமுறையாகக் கடைசல் வேலைக்காரர்களை வளர்த்த ஊர் இது. கடையில் கிடைக்காத திருகை மாதிரி காட்டிக் கடைந்து வாங்கிக்கொள்ளலாம்.

பெட்டி பாடத் தொடங்கிவிட்டது. இனிமேல்தான் உண்மையான பொறுப்பு ஆரம்பமாகிறது.

தட்டில் அரக்கு மட்டும் இல்லை. கல் மாவும் கலந்திருக்கிறது. அந்த மாவு ஊசி முனையைத் தேய்த்துக் காடிக்குப் பொருந்தும்படி செய்கிறது. ஆகையால் எஃகு ஊசி ஒரு பக்கத்துக்கு ஒன்றுதான். தேய்ந்த ஊசியை இரண்டாம் முறை வைத்தால் அது உளியாகி, பாட்டையே செதுக்கிவிடும். புது ஊசியும் நிரபராதி அல்ல. ஸவுண்டு பாக்ஸ் நூறு கிராமுக்கு மேல் பாரத்துடன் காடியில் அழுந்துகிறது. ஒவ்வொரு முறை கேட்கும்போதும் பாட்டில் ஓர் அணு கரைகிறது.

கரைவது எது என்று யோசித்துப் பார்க்கவேண்டும். செங்கோட்டை கிட்டப்பா 1933-இல் இருபத்தேழு வயதிலே மறைந்தார். அவருடைய குரல் நமக்கு எஞ்சியிருப்பது இந்த அரக்குத் தட்டுகளினால்தான். மாயவரத்தில் பிறந்து, திருச்சியில் எப். ஜி. நடேசய்யரின் ரசிக ரஞ்சன சபையில் பாலனாக மேடையேறிய எம். கே. தியாகராஜ பாகவதரின் பாட்டுக்கள் எத்தனை வீடுகளில் சாவி கொடுத்துக் கேட்கப்பட்டன! 1939-ஆம் வருஷம் மே மாதம் 16-ஆந் தேதி திருச்சி வானொலி நிலையம் பிறந்த பிறகும், விரும்பிய பாட்டை விரும்பிய நேரத்தில் கேட்கப் பிளேட்டைத்தானே எடுக்கவேண்டியிருந்தது? அதே பாட்டின் வேறு பிரதி எங்கேயாவது இருக்கலாம், இல்லாமலும் போகலாம்.

எனவே, கிடைத்த தட்டுகளை இரண்டு வகையாகப் பிரித்துவிடவேண்டும். சாதாரணமாகக் கிடைக்கும் சினிமாப் பாட்டுக்களைப் பெட்டியில் போட்டுக் குழந்தைகளுக்குக் காட்டலாம். அபூர்வமானவற்றைப் பெட்டியின் பக்கமே கொண்டுபோகக் கூடாது. 78 சுற்றுத் தட்டுக்கென்றே உள்ள தனி ஊசி பொருத்திய மின்சார யந்திரத்தில், சில கிராம் பாரத்தில், ஒரே முறை ஓடவிட்டுப் பிரதி எடுத்துக்கொண்டு, தட்டை நிமிர்த்தி வைத்துவிட வேண்டும். படுக்கவைத்து அடுக்கினால் திருச்சியின் சித்திரை வெயிலில் அப்பளமாக வளைந்துவிடும். அழுக்கைச் சோப்புக் கலந்த தண்ணீரில் நனைத்த மெல்லிய துணியால், நடுச் சீட்டு நனையாமல் துடைக்கலாம். ஸ்பிரிட் மட்டும் ஆகாது. அரக்கை அது கரைத்துவிடும்.

கடைசியாக, லக்ஷ ரூபாய்க் கட்சிக்குப் பதில் சொல்லவேண்டும். கைப்பெட்டிகள் ஏராளமாகச் செய்யப்பட்டவை. ஆகையால் அவற்றுக்கு அவ்வளவு விலை கிடையாது. அசல் உறுப்புகள், கெடாத மேல் துணி, ஒழுங்காக ஓடும் மோட்டார் மூன்றும் சேர்ந்தால் மதிப்புக் கூடும். கண்ணைப் பறிக்கும்படி புது வர்ணம் அடித்தால் மதிப்புக் குறையும். தட்டுகளிலும் பழமை ஒன்றே விலை ஆகாது. 1960-களில் இந்தியாவிலே அச்சான பீட்டில்ஸ் கோஷ்டியாரின் 78 சுற்றுத் தட்டுகள் வயதில் இளையவை. ஆனால் மற்ற தேசங்கள் 78-ஐக் கைவிட்ட காலத்தில் வந்தவை என்பதால் பிற நாட்டார் அவற்றை நல்ல விலை கொடுத்து வாங்குகிறார்கள்.

டில்லியிலும் மும்பையிலும் பழம்பொருள் கடைகளில், பளபளக்கும் பித்தளைக் குழாயுடன் 'நூறு வருஷத்துக் கிராமபோன்' என்று விற்கிறார்களே, அதில் மிகுந்த ஜாக்கிரதை வேண்டும். அவற்றில் பெரும்பாலானவை சமீபத்தில் செய்தவை. மரம் புதியது, குழாய் மெல்லிய தகடு, நாய் படம் நேற்று அச்சடித்தது. உள்ளே இருக்கும் மோட்டாரும் ஸவுண்டு பாக்ஸும் மட்டும் பழையவையாக இருக்கும். அவை எங்கிருந்து வந்தன? பரணிலிருந்து இறங்கிய ஏதோ ஒரு கைப்பெட்டியைப் பிரித்து எடுத்தவை. ஒரு பொய் பிறப்பதற்காக ஒரு மெய் சாகிறது. வீட்டுக் கிராமபோனைப் பழைய சாமான்காரனிடம் போடும் நேயர்கள் இதை ஞாபகத்தில் வைக்கவேண்டும்.

கோயில் சொத்துக்குத் தர்மகர்த்தா இருப்பதுபோல இந்தப் பெட்டிக்கும் தட்டுகளுக்கும் நாம் இருக்கிறோம். வைத்துக்கொள்ள இடமில்லை என்றாலும் குற்றமில்லை. மும்பையில் 1990-இல் ஏற்பட்ட இந்திய இசைத்தட்டுச் சேகரிப்பாளர் சங்கத்தைப் போன்ற அமைப்புகள் பழைய தட்டுகளைப் பற்றிய விவரங்களைப் பதிந்து வந்திருக்கின்றன. அக்கறையுள்ளவர் ஒருவரைத் தேடிக் கொடுக்கலாம். கொடுப்பதற்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள். தட்டின் நடுச் சீட்டில் உள்ள பாடகர் பெயர், பாட்டின் முதல் அடி, கம்பெனியின் பெயர், நம்பர் நான்கையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். பாட்டி இருந்தால் அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, எந்தத் தட்டு எந்தக் கல்யாணத்துக்கு வாங்கியது என்பதையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அந்தச் சங்கதி எந்தச் சீட்டிலும் அச்சாகி இராது.