சாய்ந்த மரத்தை அறுக்குமுன்

இடவப்பாதிப் பருவமழை தொடங்க இன்னும் அதிக நாள் இல்லை. திருவனந்தபுரத்தில் முதல் பெருங்காற்று அடித்த அன்றே நம் தொழில்காரர்களின் கைபேசி ஓயாது. கூரைமேல் விழுந்த மா, மதிலில் சரிந்த அயனி, சாலைக்குக் குறுக்கே கிடக்கும் வாகை. கூப்பிடுகிறவருக்கு அவசரம். போகிறவருக்கும் அவசரம்தான், அடுத்த வீடு காத்திருக்கிறதே. ஆண்டு முழுக்க நின்ற மரத்தை வெட்டிப் பழகிய கை, அந்த ஒரு வாரம் விழுந்த மரத்தை அறுக்கிறது. இரண்டும் ஒரே வேலை அல்ல.

நிற்கும் மரத்தின் பாரம் எந்தப் பக்கம் என்பது அண்ணாந்து பார்த்தாலே தெரியும். விழ வேண்டிய பக்கம் வாய் வெட்டி, பின்னாலிருந்து அறுத்து, இடையில் விட்டத்தில் பத்தில் ஒரு பங்கை அறுக்காமல் விட்டு வடத்தை இழுத்தால், பெரும்பாலும் நினைத்த இடத்தில் வந்து படுக்கும். சாய்ந்த மரம் அப்படித் தன்னைக் காட்டிக்கொடுக்காது. இரண்டு முனையும் எதன்மேலோ தாங்கி, நடுப்பகுதி அந்தரத்தில் இருக்கும் தடியில் மேல்பக்கம் நெருக்குண்டிருக்கும், அடிப்பக்கம் இழுபட்டிருக்கும். மேலிருந்தே அறுத்துக்கொண்டு போனால் வெட்டு மூடிக்கொண்டு செயின் மிஷினின் பாரைக் கவ்விவிடும். மேலே மூன்றில் ஒரு பங்குக்குள் நிறுத்திவிட்டு, மீதியைக் கீழிருந்து மேலே அறுக்க வேண்டும். மதில்மேல் கிடந்து நுனி வெளியே நீண்டிருக்கும் கொம்பில் எல்லாம் தலைகீழ். அங்கே முதல் வெட்டு அடியில், முடிக்கும் வெட்டு மேலே. மாற்றிச் செய்தால் கொம்பு நீளவாக்கில் பிளந்து எகிறும்.

பக்கவாட்டில் வில்லாக வளைந்து மாட்டிக்கொண்டதுதான் எல்லாவற்றிலும் பொல்லாதது. வளைவின் உட்பக்கம் நின்று, அந்தப் பக்கமே முதலில் கொஞ்சம் அறுக்க வேண்டும். தடி தெறிப்பது வெளிப்பக்கமாகத்தான். வேரோடு பெயர்ந்த மரத்தில் இன்னொன்று உண்டு. தண்டை அறுத்துப் பாரம் போனதும் வேர்க்கட்டை மண்ணோடு நிமிர்ந்து, பெயர்ந்த குழிக்குள்ளேயே திரும்ப உட்காரலாம். வேடிக்கை பார்க்கும் பிள்ளைகள் வந்து நிற்பது பெரும்பாலும் அந்தக் குழி ஓரத்தில்தான். அவர்களை விரட்டாமல் மிஷினை ஸ்டார்ட் செய்யக் கூடாது. மரத்தில் மின்கம்பி பட்டிருந்தால் 1912-க்குச் சொல்லி, மின்வாரிய ஆள் வந்து லைனை அணைக்கும்வரை கிட்டேயே போகக் கூடாது. ‘கரண்ட் போயிடுச்சு’ என்று வீட்டுக்காரர் சொல்வது கணக்கில் சேராது.

இனி செயின். விழுந்த மரத்தின் அடியில் சேறும் மணலும் அப்பியிருக்கும். கூர் தீட்டிய செயினை அதில் ஒரு தரம் ஓட்டினாலே முனை மழுங்கிவிடும். அறுக்கும் இடத்தில் பட்டையை வெட்டுகத்தியால் செதுக்கி எறிய ஒரு நிமிடம்கூட ஆகாது. கூராக இருக்கிற செயின் சீவல் சீவலாகத் தள்ளும், மழுங்கியது மாவாகத் தூவும். மாவு வரத் தொடங்கியதும் நாம் என்ன செய்கிறோம்? மிஷினை அமுக்குகிறோம். அமுக்கி அறுக்கும்போது பாரின் மூக்கு, அதிலும் மேல்பாதி, எதிலாவது இடித்தால் மிஷின் முகத்தை நோக்கி உதைக்கும். சட்டைப்பையில் அரம் இருந்தால் இதெல்லாம் வராது. 0.325 பிட்ச் செயினுக்கு 4.8 மில்லிமீட்டர் உருண்டை அரம், முப்பது பாகைச் சாய்வு, எல்லாப் பல்லுக்கும் ஒரே எண்ணிக்கையில் ராவல். பல்லுக்கு முன்னால் நிற்கும் ஆழக் கட்டை, பல்லைவிட ஏறத்தாழ 0.65 மில்லிமீட்டர் தாழ்ந்திருந்தால் போதும். ‘இன்னும் வேகமா அறுக்கட்டும்’ என்று அதை அதிகமாக ராவுகிறவர் தன் கையாலேயே உதையை வரவழைக்கிறார்.

காலையில் வேலை தொடங்குமுன் செயின் பிரேக்கைச் சோதிப்பவர்கள் நம்மில் எத்தனை பேர்? கைலியை மடித்துக் கட்டி, ரப்பர் செருப்போடு, ஒற்றைக் கையில் மிஷினைப் பிடித்தபடி பலா உச்சியில் நிற்பதைத் திறமை என்று பாராட்டும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. அது திறமை இல்லை, இதுவரை ஒன்றும் ஆகவில்லை என்பது மட்டும்தான். மரம் அறுப்பவருக்கென்று செய்த கால்சட்டையின் உள்ளே நீண்ட இழைகள் அடுக்கியிருக்கும். செயின் பட்டதும் அவை இழுபட்டுப் பல்சக்கரத்தில் சுற்றி மிஷினையே நிறுத்திவிடும். இந்தப் புழுக்கத்தில் அதைப் போட முடியுமா என்று கேட்பவர்களுக்கு, முன்பக்கம் மட்டும் மூடும் வகையும் உண்டு என்று சொல்லிவைக்கிறோம்.

தென்னை ஏறுபவர்களைப் பாருங்கள். ஏற ஆளில்லாமல் கேரளம் திணறியபோது, 2011-இல் தென்னை வளர்ச்சி வாரியம் ‘சங்ஙாதிக்கூட்டம்’ திட்டத்தைத் தொடங்கியது. ஏறும் இயந்திரம், பயிற்சி, விபத்துக் காப்பீடு மூன்றும் சேர்ந்தே வந்தன. நம் தொழிலுக்கு மிஷின் கடையிலிருந்து தனியாக வந்தது. மற்றதை ஆசானைப் பார்த்தும் காயத்தைப் பார்த்தும் கற்றோம்.

மரத்தைக் காப்பாற்றுவதிலும் அவசரத்துக்கு ஒரு வரிசை வேண்டும். 2017 நவம்பர் 30 அன்று ஓகி புயல் கன்னியாகுமரி மாவட்டத்தின் ரப்பர் தோட்டங்களைச் சாய்த்துப்போட்டது நினைவிருக்கும். ரப்பர் தடியில் மாச்சத்து அதிகம். வெட்டிய சில நாட்களிலேயே பூஞ்சை ஏறி நீலக்கறை பிடிக்கும், பின்னாலேயே துளைக்கும் வண்டு வரும். அறுத்த கையோடு போரிக் அமிலமும் போராக்சும் கரைத்த தொட்டியில் பலகையை ஊறவைக்க வேண்டும், அல்லது அழுத்தக் கலத்தில் ஏற்ற வேண்டும். அந்த மருந்து மழையில் கரைந்து போய்விடும் என்பதால் முற்றத்தில் அடுக்குவதும் வீண். மாமரமும் கறைக்குத் தப்பாது. தேக்கு, அயனி, பலா இவற்றின் வைரம் காத்திருக்கும், வெள்ளைதான் கெடும். ஆகவே மில்லுக்கு முதல் வண்டியில் ரப்பரும் மாமரமும் போகட்டும். தேக்குக்கு விலை அதிகம் என்பதால் அதை முதலில் ஏற்றுவது நட்டக் கணக்கு. வீட்டு மரத்தடியை மில்லில் கொடுக்கும்போது, துணிக்கொடி கட்டிய ஆணியும் விளம்பரப் பலகை அடித்த ஆணியும் உள்ளே புதைந்திருக்கலாம் என்பதையும் சொல்லிவிடுங்கள். பேண்ட் சா பிளேடு அறுந்தால் அங்கே நிற்பவருக்கும் ஆபத்து.

நம் சங்கங்களுக்கு ஒரு வேண்டுகோள். மே முடிவதற்குள் நெய்யாற்றின்கரை, காட்டாக்கடை, நெடுமங்காடு ஆகிய மூன்று இடங்களிலாவது ஒரு நாள் வகுப்பு நடத்துங்கள். கீழே கிடக்கும் நிஜத் தடியில் அறுத்துக் காட்டுங்கள். மலையாளத்திலும் தமிழிலும் சொன்னால் போதாது. இப்போது வடத்தின் மறுமுனையைப் பிடிப்பவர்களில் வங்காளத்திலிருந்தும் அசாமிலிருந்தும் வந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் மொழி தெரிந்த ஒருவரையும் உடன் நிறுத்துங்கள்.