பட்டம் விடும் பெண்

தாம்பரத்திலிருந்து மேடவாக்கம், சோழிங்கநல்லூர் வழியே கடலை நோக்கிச் செல்வோர் ஒருமுறையேனும் இறங்கிப் பார்க்க வேண்டிய ஊர் ஈஞ்சம்பாக்கம். சென்னை அரசு ஓவியக் கல்லூரி முதல்வராயிருந்த கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணாக்கரும், உருகிய மெழுகைத் துணியில் தீட்டிச் சாயத்தில் தோய்த்தெடுத்த பாத்திக் வேலைகளை விற்றுச் சேர்த்த பணத்தைக் கொண்டு, 1966-இல் சோழமண்டலம் கலைக் கிராமத்தை நிறுவியது அங்கேதான். மேல்நாட்டுப் பாணிக்கு அடிமைப்படாமல் நம் மண்ணின் ரேகைகளையும் குறியீடுகளையும் தேடுவதே அவர்களுடைய லட்சியம். அதில் அவர்கள் வெற்றி கண்டார்கள் என்றே சொல்வேன். ஆயினும் அர்னவாஸ், அனிலா ஜேக்கப் என விரல்விட்டு எண்ணத்தக்க ஸ்திரீகளே அக்கூட்டத்தில் இருந்தார்கள் என்பதை மறைப்பது நியாயமன்று. பணிக்கரிடம் அதே கல்லூரியில் பயின்ற டி.கே. பத்மினியோ, பெண்ணின் தேகத்தையும் தனிமையையும் ஆண்கள் பார்க்கும் பார்வையில் அன்றி, பெண்ணே தன்னை உணரும் விதத்தில் தீட்டியவர். பட்டம் விடும் பெண்ணொருத்தியையும் வரைந்த அவர், 1969-இல், முப்பது வயது நிறையுமுன், பிரசவத்தில் மறைந்தார். இன்று பால் அடையாளத்தைப் பொருளாக்கித் தூரிகை எடுக்கும் மாணவரைப் பார்த்து, இதெல்லாம் இறக்குமதிச் சரக்கு என்று முகம் சுளிக்கும் பெரியவர்கள் (அவர்களில் பலர் ஓவியக் கண்காட்சி வாசலையும் மிதித்தறியாதவர்கள்) இந்தச் சரித்திரத்தை அறியார். தாம்பரம், குரோம்பேட்டைப் பெற்றோர்களே, விடுமுறை நாளொன்றில் பிள்ளைகளைச் சோழமண்டலத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். அவர்கள் வரைந்து காட்டுவதைத் தீர்ப்பளிக்குமுன் சற்றுப் பொறுமையாகப் பாருங்கள்.